மெத்தையடி ஈர ஒழிப்புக் குழுவின் வீர வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மெத்தையையும் கண்டுபிடித்தது. ஆனால் அந்த மெத்தைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஓர் ஆலோசகர், ஒரு நிறுவனப் பிரதிநிதி, இரண்டு சாதாரண உறுப்பினர்கள் ஆகிய ஆறு மேதைகள் அடங்கிய குழு ஒன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில்தான் தோன்ற வேண்டியிருந்தது. அந்தக் குழுவின் செயலாளர் நான். பெயர் ஜெயபாலன். தன்னடக்கம் கருதி இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. கீழே ஆங்காங்கே தானாக வரும்.

செம்மோருக்கு உள்ளே, சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி, ஆறாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் பால்மரங்கள் இருந்தன, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்தன, நான் இருபத்தாறு வருடம் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்த ஆபீஸ் இருந்தது. பிறகு ஒரு நாள் "மேம்பாடு" வந்தது. மேம்பாடு வந்தால் என்னவெல்லாம் போகும் என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மரம் போயிற்று, லயம் போயிற்று, ஆபீஸும் போயிற்று. பதினொரு குடும்பங்கள் மட்டும் போகவில்லை. போக வேறு இடம் இல்லை என்ற அற்பக் காரணத்தைச் சொன்னார்கள்.

நிலத்தை வாங்கிய நிறுவனம் பெருந்தன்மையானது. பதினொரு குடும்பத்துக்கும் அடுக்குமாடி வீடு கட்டித் தருவதாக எழுதிக் கொடுத்தது. வீடு முடிகிற வரை, அதாவது மூன்றே மூன்று மாதத்துக்கு, "இடைக்கால நவீன இல்லங்கள்" வழங்கியது.

இடைக்கால நவீன இல்லம் என்றால் கேரவன். காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், காட்டோரம் நிறுத்தி, பணக்காரர்கள் இரண்டு நாள் ஏழையாக இருந்து பார்ப்பார்களே, அந்த வண்டி. இந்தப் பதினொன்றும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவை. தகரச் சுவர், கையகல ஜன்னல், பிளைவுட் பலகை அடித்த கட்டில், அதன் மேல் தடித்த நுரை மெத்தை. மழையே பார்க்காத ஊருக்காகச் செய்த வண்டிகளைக் கொண்டுவந்து, மத்தியானம் தவறினாலும் மழை தவறாத ஊரில் வரிசையாக நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்க்க வெகு அழகு. திறப்பு விழாவில் எடுத்த படத்தை நிறுவனம் நாட்காட்டியாகவே போட்டது.

மூன்று மாதம் இப்போது நாற்பது மாதமாகிவிட்டது. "இடைக்காலம்" என்ற சொல்லுக்கு இத்தனை நீளம் உண்டென்று அகராதிக்காரர்களுக்கே தெரிந்திருக்காது.

குடியிருப்பாளர்களின் குறை தீர்க்க அமைந்த எங்கள் குழுவின் தலைவர் திரு. குலசிங்கம். அரசாங்க இலாகா ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். ஈப்போவில் அவருக்குச் சொந்தமாகப் பெரிய வீடு உண்டு. அதில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் பொதுப்பணிக்கு வந்தவர். நிறுவனத்தின் சார்பில் பிரமிளா. அவருடைய பதவிக்குப் பெயர் "மனித மகிழ்ச்சி அதிகாரி". சாதாரண உறுப்பினர் இருவரும் கறிபாப் சாப்பிட மட்டும் வாய் திறப்பார்கள். அதனால்தான் அவர்களுக்குப் பெயர் கொடுக்காமல் விடுகிறேன்.

குழு ஆரம்பித்து ஒரு வருடம் வரை எங்களுக்கு ஒரு குறைதான். மக்களிடம் குறை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. குழுவின் சின்னம், குழுவின் டீ-சட்டை, டீ-சட்டையில் சின்னம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பொழுது போனது. அந்த நிலையில்தான் ஏழாம் எண் கேரவன் நல்லம்மாள், மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

நல்லம்மாளை எனக்குத் தெரியும். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைவீட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியில் தரை துடைக்கிறார். குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. மெத்தையை மேசை மேல் போட்டார். கறிபாப் தட்டு அடியில் சிக்கிக்கொண்டது.

"ஐயா, இந்தத் தீலாத்தக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தலைவர் தொடவில்லை. நிகழ்ச்சி நிரலைத்தான் தொட்டார். "ஜெயபாலன், இன்றைய நிரலில மெத்தை இருக்கோ?"

"இல்லை, சார்."

"அப்ப எப்படி உள்ள வந்தது?"

"நாந்தாங்கய்யா தூக்கிட்டு வந்தேன்" என்றார் நல்லம்மாள். "மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. பொரட்டிப் பாருங்க. அடியில தண்ணி ஊறிக் கெடக்கு. கறுப்பு கறுப்பா பூஞ்சக்காளான். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்ல. முப்பது வருசமா மருந்தடிச்ச நெஞ்சுலா. ஈரத்துல படுக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. படுக்க வேற எடம் எங்க இருக்கு?"

அவர் கணவர் பிச்சைமுத்து தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. கைக்குட்டை அவருடையது; தோட்டம் கொடுத்தது டின் மட்டும். அவர் இருமினால் பத்தாம் எண் கேரவன் வரை கேட்கும்.

தலைவர் எழுந்து நின்றார். கண்கள் பளபளத்தன. பன்னிரண்டு மாதம் காத்திருந்து ஒரு பிரச்சினை கிடைத்த மனிதரின் பூரிப்பு அது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அன்றைய கூட்டக் குறிப்பில் நான் எழுதினேன்: "வருகை தந்தோர்: ஐந்து உறுப்பினர்கள், ஒரு குடியிருப்பாளர், ஒரு மெத்தை." அதே கூட்டத்தில் குழுவின் பெயர் "மெத்தையடி ஈர ஒழிப்புக் குழு" என்று ஏகமனதாக மாற்றப்பட்டது. டீ-சட்டைகளை மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. பொதுவாழ்வில் இந்த மாதிரி தியாகங்கள் சகஜம்.

பிரச்சினை கிடைத்துவிட்டது. அடுத்து நிபுணர் வேண்டும். பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கெல்லாம் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் தலைவரின் தங்கை மகன் சுகுமார் வேலையில்லாமல் இருப்பது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் படித்தவர். கேரவனும் அங்கேதான் இருந்தது. இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

சுகுமார் குழுவின் ஆலோசகராக வந்தார். கையில் சின்னதாக ஒரு கருவி, ஈரத்தைத் தொட்டதும் கத்தும். பதினொரு கேரவனிலும் கத்தியது. கூரையைப் பார்த்தார், ஒழுகவில்லை. தரையைப் பார்த்தார், ஊறவில்லை. மூன்றாவது நாள் பிச்சைமுத்துவை உட்கார வைத்து விசாரணை செய்தார். நான் பக்கத்திலிருந்து குறிப்பெடுத்தேன்.

"அங்கிள், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவ மூச்சு விடுவீங்க?"

"முடிஞ்ச மட்டும் விடறேன் தம்பி."

"தோராயமா?"

"எண்ணிப் பாத்ததில்ல. விடுறதே பெரும்பாடு."

"ராத்திரியிலயும் விடுவீங்களா?"

பிச்சைமுத்து என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். "வெளையாட்டுக்குக் கேக்குறாரா, கிராணியாரே?" என்றார். இல்லை, அறிவியல் ரீதியாகக் கேட்கிறார் என்று விளக்கினேன்.

எண்பத்துநான்கு பக்கத்தில், வண்ண வண்ணப் படங்களோடு, அறிக்கை வந்தது. அதன் சாரத்தை இங்கே தருகிறேன். தூங்குகிற மனிதன் ஓர் இரவில் கால் லிட்டர் தண்ணீரை மூச்சாகவும் வியர்வையாகவும் வெளியே விடுகிறான். இருவர் என்றால் அரை லிட்டர். அந்த வெதுவெதுப்பான ஈரம் மெத்தைக்குள் இறங்கி, கீழே குளிர்ந்த பலகையில் முட்டி, போக வழியில்லாமல் தண்ணீராகத் தேங்குகிறது. ஆகவே, கண்ணியமிக்க குழுவின் கவனத்துக்கு: ஈரத்துக்குக் காரணம் மழையல்ல, கேரவன் அல்ல, கட்டில் அல்ல, நிறுவனமும் அல்ல. குடியிருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள். அதுதான் காரணம்.

கூட்டத்தில் கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி மேல தப்பு இல்லன்னு இவ்ளோ தெளிவா யாருமே சொன்னதில்ல, சார்."

"அறிவியல் பொய் சொல்லாது, பிள்ளை" என்றார் தலைவர். "சனங்கள் காலங்காலமா ஒரு கட்டுப்பாடும் இல்லாம மூச்சு விட்டுப் பழகிட்டினம். நாங்கள்தான் திருத்த வேணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. பதினொரு கேரவன் கதவிலும் அறிவிப்பு ஒட்டினோம். வாசகம் என்னுடையது, அதனால் முழுதாகத் தருகிறேன்: "குடியிருப்பாளர்கள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மிதமாகச் சுவாசிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பெருமூச்சு விடுவதைத் தவிர்க்கவும். விருந்தினர்கள் தங்கள் மூச்சை வெளியிலேயே முடித்துவிட்டு வரவும்." தமிழில் மட்டும் போட்டால் போதுமா என்று ஒரு விவாதம் எழுந்தது. பதினொரு குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான். இருந்தாலும் மலாய், ஆங்கிலம், சீனம் என்று நான்கு மொழியிலும் போட்டோம். வழிப்போக்கர்களும் திருந்தட்டுமே.

ஈரம் குறையவில்லை. மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று பொருள்.

இங்கேதான் எங்கள் தலைவரின் மேதைமை வெளிப்பட்டது. ஒன்பதாவது கூட்டத்தில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் யோசித்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். கண்ணைத் திறந்ததும் சொன்னார்: "இந்தச் சனங்கள் மூன்று தலைமுறையா எதிலே பிழைச்சவை?"

"ரப்பர்ல, சார்."

"ரப்பருக்குள்ள தண்ணி போகுமோ?"

"போகாது, சார்."

"பிறகென்ன? மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கோ. பாரம்பரியத்துக்குப் பாரம்பரியமும் ஆச்சு, ஈரத்துக்குப் பாதுகாப்பும் ஆச்சு."

உடல் சிலிர்த்தது எனக்கு. ரப்பர் மண்ணில் பிறந்தவனுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். பதினொரு ரப்பர் விரிப்புகள் வரவழைக்கப்பட்டன. விழா எடுத்தோம். பந்தல், தட்டில் சந்தனம், குங்குமம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். விரிப்புகளை நீளமாகச் சுருட்டி மாலை போட்டு மேடையில் சாய்த்து வைத்திருந்தோம். தலைவர் ரிப்பன் வெட்டி, ஏழாம் எண் கேரவனுக்குள் குனிந்து நுழைந்து, நல்லம்மாளின் மெத்தைக்கு அடியில் முதல் விரிப்பைத் தம் கையாலேயே விரித்தார். வெளியே வரும்போது தலையை இடித்துக்கொண்டார். அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது.

விழா முடிந்து போகும்போது நல்லம்மாள் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"கிராணி ஐயா, நீங்க தோட்டத்துல இருந்தவரு. புகைவீட்ட ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. கண் எரியும். கிராணிமார் அங்கே போகிற வழக்கமில்லை.

"ஈர ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சா காயுமா? கொம்புல தொங்கப் போடணும். ஒண்ணுக்கொண்ணு எடவெளி வுடணும். காத்து பூந்து வெளிய வரணும். அப்பத்தான் காயும். நீங்க என்னான்னா ஈரத்துக்கு அடியில இன்னொரு ரப்பரப் போட்டு மூடுறீங்க. இது காயுறதுக்கு இல்லலா, ஊறுறதுக்கு."

"தலைவர் யோசித்துச் செய்திருக்கிறார், நல்லம்மா."

"அவரு அதுல படுக்கப் போறாரா?"

கேள்வி நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே இருந்ததால் நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஒரே வாரம். அதுவரை மெத்தையைத் தொட்டால்தான் ஈரம் தெரியும். இப்போது மெத்தையைத் தூக்கினால் விரிப்பின் மேல் தண்ணீர் நின்றது. ஆறாம் எண்காரர் டம்ளரில் மொண்டு காட்டினார். பிச்சைமுத்து படுப்பதை விட்டுவிட்டார். கேரவன் படியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தார். உட்கார்ந்தே தூங்குகிற மனிதருக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிடும் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதைக் குறிப்பில் எழுத ஒரு தலைப்பு இல்லை.

அடுத்த கூட்டத்தில் சுகுமார், விரிப்பு வெற்றி என்று அறிவித்தார். முன்பு கண்ணுக்குத் தெரியாத ஈரம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, டம்ளரால் அளக்க முடிகிறது, ஆராய்ச்சி ஒரு படி முன்னேறியிருக்கிறது. ஏற்றுக்கொண்டோம்.

இதற்கு நடுவில் நல்லம்மாள் செய்த காரியத்தை எந்த வார்த்தையால் கண்டிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றோரம் போய் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார். பிளாச்சு பிளாச்சாகச் சீவினார். ரப்பர் விரிப்பை உருவி வெளியே எறிந்துவிட்டு, கட்டில் பலகையின் மேல் குறுக்குக் கட்டைகளை வைத்து, அதன் மேல் மூங்கில் பிளாச்சுகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையாகக் கட்டினார். அதன் மேல் மெத்தை. தினமும் வேலைக்குப் போகும் முன் மெத்தையை எழுப்பிச் சுவரோடு சாய்த்து, ஜன்னலைத் திறந்து வைத்தார். மெத்தைக்கு அடியில் காற்று போயிற்று. அவ்வளவுதான். எண்பத்துநான்கு பக்கம் இல்லை, வண்ணப் படம் இல்லை.

பத்தாம் நாள் நாங்கள் சோதனைக்குப் போனபோது சுகுமாரின் கருவி கத்தவில்லை. தட்டிப் பார்த்தார். மின்கலத்தை மாற்றிப் பார்த்தார். மெத்தைக்கு அடியில் கையை விட்டார். வறண்டு கிடந்தது. பிச்சைமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒம்போது நாளா நல்லாப் படுக்குறேன், ஐயா" என்றார். "கறிபாப் ஏதும் கொண்டாந்தீங்களா?"

தலைவரின் முகம் சுருங்கியது. வெளியே வந்து மாமர நிழலில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"சுகுமார், எங்கட அறிக்கை என்ன சொல்லுது?"

"மூச்சுதான் காரணம்னு சொல்லுது, மாமா."

"இவை ரெண்டு பேரும் இன்னும் மூச்சு விடினமோ?"

"விடறாங்க. முன்னவிட நல்லாவே விடறாங்க."

"அப்ப ஈரம் இருக்க வேணும். இல்லை. அதாவது, அந்த மெத்தை எங்கட அறிக்கைக்கு விரோதமாக் காய்ஞ்சு போயிருக்கு."

பிரமிளா குரலைத் தாழ்த்தினார். "சார், ஒரு சிக்கல் இருக்குலா. பிளாச்சு வெச்சா காயுதுன்னா, தப்பு கட்டில்லதான்னு ஆயிரும். கட்டில் கம்பெனி குடுத்தது. அப்புறம் பதினொரு பேரும் கட்டில மாத்துன்னு நிப்பாங்க. கட்டில மாத்துன்னு வந்தவங்க நாளைக்கு வீடு எங்கன்னும் கேப்பாங்க."

நிலைமையின் தீவிரம் எல்லோருக்கும் விளங்கியது. சட்டம் பார்த்தோம். கேரவன் வீடல்ல, வண்டி. வண்டிக்குள் அனுமதியின்றி மூங்கில் கட்டுவது "வாகன அமைப்பில் சட்டவிரோத மாற்றம்". அந்த வண்டி இரண்டரை வருடத்துக்கு மேலாக ஓர் அங்குலமும் நகரவில்லை, சக்கரத்தில் பாகற்கொடி படர்ந்திருக்கிறது என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. மூங்கிலைப் பிரித்து எடுத்துவரும் பொறுப்பு செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எடுத்தேன். நல்லம்மாள் தடுக்கவில்லை. முடிச்சுகளை அவரே அவிழ்த்துக் கொடுத்தார், எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை என்பதால். பிளாச்சுகளை அடுக்கி, கயிற்றால் கட்டி, என் கையில் வைத்தார்.

"பாத்துப் புடிங்க ஐயா, சிலாம்பு ஏறிரும்."

எனக்குக் கோபம் வந்தது. சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மூங்கிலைச் "சாட்சிப் பொருள் எண் 1" என்று சீட்டு ஒட்டி, குழு அறையில் வைத்துப் பூட்டினேன். ரப்பர் விரிப்பு மறுபடி மெத்தைக்கு அடியில் போனது. மூன்றாம் வாரம் பிச்சைமுத்துவை ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். படுக்கை கிடைத்தது. உலர்ந்த படுக்கை.

இனி எங்கள் குழுவின் மணிமகுடமான அத்தியாயத்துக்கு வருகிறேன்.

அடுக்குமாடியில் முதல் ஆறு வீடுகள் முடிந்தன. மூன்று அறை, ஓடு பதித்த தரை, எதிரெதிரே ஜன்னல், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். கட்டில்கூடச் சட்டம் போட்ட கட்டில், சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி. பதினொரு குடும்பத்துக்கு ஆறு வீடு. யாருக்கு முதலில்? சாதாரண மனிதர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். நோயாளி இருக்கிற வீட்டுக்கு முதலில் என்று உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். எங்கள் தலைவர் தொலைநோக்காளர்.

"பொறுங்கோ" என்றார். "இந்தச் சனங்கள் மூச்சு விட்டு பதினொரு வண்டியை நாசமாக்கிப் போட்டினம். இவையைக் கொண்டுபோய்ப் புது வீட்டில விட்டா, வீடும் ஊறிப்போகாதோ? முதல்ல பொறுப்பான ஆட்கள் கொஞ்ச நாள் இருந்து, மூச்சு விட்டுப் பார்க்க வேணும். வீடு தாங்குதெண்டால் பிறகு குடுப்பம்."

"பொறுப்பான ஆட்கள்னா யாரு, சார்?" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போன நாளிலிருந்து நானும் மனைவி தினேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் புந்தோங்கில் மச்சான் வீட்டில் ஓர் அறையில் கிடந்தோம். மச்சான் நல்லவர். குளியலறைக்குப் போக முறை கேட்டு நிற்கும்போதெல்லாம் அவர் நல்லவராக இருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

தலைவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எண்ணினார். வீடுகள் ஆறு. குழு உறுப்பினர்களும் ஆறு. இந்தப் பொருத்தம் முழுக்க முழுக்கத் தற்செயலானது என்று கூட்டக் குறிப்பில் தடித்த எழுத்தில் பதிவு செய்திருக்கிறேன். ஏற்கெனவே சொந்த வீடு உள்ள நால்வரும் சிரமம் பாராமல் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அவ்விதமாக "சுவாசத் தாங்குதிறன் சோதனை" தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம், தினமும் நிரப்ப வேண்டும். வீட்டு எண். மெத்தையடி ஈரம். மூச்சு விடுவோர் எண்ணிக்கை. நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. "ஈரம்: இல்லை. மூச்சு விடுவோர்: நான்கு." சோதனைக் காலம் மூன்று மாதம். இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. அறிவியலில் அவசரம் கூடாது.

போன வாரம், காலை பத்து மணி இருக்கும், கதவு தட்டும் சத்தம். நல்லம்மாள். வேலைச் சட்டையோடு, தொழிலாளர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். தினேஸ்வரி உட்காரச் சொல்லி மைலோ கலந்து கொடுத்தாள். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"கிராணி ஐயா, அவர வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆஸ்பத்திரியில சேத்தது இது மூணாவது தடவ. ஈரமில்லாத எடம் இருந்தாத்தான் அனுப்புவாராம். இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் வாட்டுல வெச்சிருக்கட்டும்ங்கறாரு. குழுவுலேருந்து லெட்டர் கேட்டாரு."

கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. அங்கேயே எழுதினேன். "மேற்படி ஏழாம் எண் இடைக்கால நவீன இல்லத்தில் ஈரநிலை திருப்திகரமான கட்டுப்பாட்டில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது." முத்திரையும் குத்தினேன். நல்லம்மாள் அதை மெதுவாக, விரலை வரி வரியாக வைத்து, படித்தார்.

"தீலாம் நேத்துக்கூட ஊறிக் கெடந்துச்சு, ஐயா."

"கட்டுப்பாட்டில் ஊறியிருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். ஜன்னலிலிருந்து வந்த காற்றில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வீடெல்லாம் எப்ப குடுப்பீங்க?"

"சோதனை முடியட்டும், நல்லம்மா."

"என்னா சோதன?"

விளக்கினேன். மூச்சு, தாங்குதிறன், படிவம் எல்லாம் விளக்கினேன். சொல்லும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. தினேஸ்வரி சமையலறைக்குப் போய்விட்டாள்.

"நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்றார்.

படுக்கையறை திறந்துதான் இருந்தது. நல்லம்மாள் உள்ளே போனார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, கையை அடியில் முழங்கை வரை விட்டார். பத்தொன்பது வருடம் ரப்பர் ஷீட்டைத் தொட்டே காய்ந்ததா இல்லையா என்று சொன்ன கை. அதை உள்ளேயே வைத்திருந்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். "சருகாட்டம் காஞ்சிருக்கு. எத்தன பேரு படுக்குறீங்க?"

"இந்த அறையில் நாங்கள் இருவர். அடுத்த அறையில் பிள்ளைகள் இருவர்."

"பக்கத்து வீடெல்லாம்?"

"எல்லாம் இதே மாதிரிதான். ஆறு வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை."

நல்லம்மாள் கையை வெளியே எடுத்தார். மெத்தை விரிப்பைச் சரி செய்தார். என் கடிதத்தை நான்காக மடித்து அதன் மேல் வைத்தார்.

"லெட்டர் வேணாம், ஐயா. இதக் காட்டுனா அனுப்பி வெச்சிருவாங்க. அவரு அங்கேயே இருக்கட்டும், அங்கயாவது மெத்த காஞ்சிருக்கு." வாசல் வரை போய்த் திரும்பினார். "மூச்சு விட்டா தண்ணி ஊறும்னு எங்களுக்கு நாலு பாஷையில எழுதி ஒட்டுனீங்க. இங்க ஆறு வீடு, ஒரு சொட்டு இல்லங்கறீங்க. அப்ப இதுல ஒருத்தருக்குக்கூட உசுரு இல்லியா ஐயா?"

போய்விட்டார். மைலோ அப்படியே இருந்தது.

அன்றைய படிவத்தை நான் தவறவிடவில்லை. கடமை என்றால் கடமை. மேசையில் உட்கார்ந்து, வழக்கமான என் அழகான கையெழுத்தில் நிரப்பினேன்.

மெத்தையடி ஈரம்: இல்லை. மூச்சு விடுவோர்: யாரும் இல்லை.